ஹைக்கூக் கொப்பி: கல்முனைக் கரையில் மறுபடி பார்க்கப் பழகுதல்

சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதித் தந்த வைத்தியர், தினமும் காலையில் அரை மணித்தியாலம் நடக்கவும் சொன்னார். கல்முனைக்குடியில் நடப்பதென்றால் இரண்டு வழிதான். மேற்கே போனால் பிரதான வீதி. பஸ்ஸும் ஓட்டோவும் ஆளை இடித்துக்கொண்டு போகும். கிழக்கே போனால் கடல். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தை நான் ஏழு வருடங்களாக நடக்காமல் இருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். ராத்தாவின் வீடு இருந்த இடத்தில் அன்று பின்னேரம் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. இலங்கையில் ஆழிப்பேரலை அதிகம் பேரைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று இன்றும் விரல் விட்டு எண்ணுவார்கள். அதற்குப் பிறகு மீன் வாங்குவதற்குக்கூட நான் சந்தைக்குத்தான் போனேன்.

வைத்தியர் சொல்லி ஒரு மாதம் கழித்து ஒரு நாள் கிழக்கே திரும்பினேன். பேரப்பிள்ளையின் பாதி எழுதிய கணக்குக் கொப்பியும் ஒரு பென்சிலும் கையில் இருந்தன. கடலைப் பார்க்கத் துணிவு வராததால் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எழுதியது இது:

அலை போன ஈரமணல்
குழியிலிருந்து மண் எறிகிறது
ஒரு சிறு நண்டு

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நண்டு மண்ணை எறிந்து முடிக்கும்வரை, நான் கடலுக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்துதான் அது புரிந்தது.

ஹைக்கூ என்பது யப்பானில் பிறந்த மிகச் சிறிய கவிதை. ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலி அலகுகள். யப்பானியர் அதைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதுகிறார்கள். மூன்று வரியாக மடித்தது பிற மொழிகளின் பழக்கம். அவர்கள் கணக்கில் நெடில் இரண்டு அலகு, தனித்து நிற்கும் மெய்யொலி ஓர் அலகு. ஆகவே தமிழில் பதினேழு எழுத்து எண்ணிக்கொண்டு இருப்பதில் பொருள் இல்லை. எண்ணிக்கையைவிட வேறு இரண்டு விடயங்கள் முக்கியம். ஒன்று, பருவத்தைக் காட்டும் ஒரு சொல். மற்றது, கவிதையை இரண்டு துண்டாக வெட்டும் ஓர் இடைவெளி. இந்தப் பக்கம் ஒரு காட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் வேலை வாசிப்பவருக்கு.

தமிழுக்கு இதை முதலில் அறிமுகப்படுத்தியவர் பாரதி. புதுச்சேரியில் இருந்த காலத்தில், 1916 ஒக்டோபர் 16ஆம் திகதி சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரையை எழுதி அதன் சொற்சிக்கனத்தை வியந்தார். பிறகு நீண்ட இடைவெளி. 1974இல் அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’யில் இந்த வடிவத்தின் சாயலில் சில கவிதைகள் வந்தன. 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என இரண்டு தொகுதிகள் அடுத்தடுத்து வெளிவந்த பின்னர் தமிழ்நாட்டில் ஹைக்கூ ஒரு காய்ச்சலாகவே பரவியது. எங்கள் நாட்டில் மலையகக் கவிஞர் சு. முரளிதரனின் ‘கூடைக்குள் தேசம்’ 1988இல் வந்தது. கொழுந்துக் கூடைக்கும் மூன்று வரிக்கும் அளவு ஒத்துப்போனதில் வியப்பில்லை.

எங்கள் கரையிலோ கவிதைக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. பெரியநீலாவணையின் நீலாவணன், கல்முனையின் எம்.ஏ. நுஃமான், சோலைக்கிளி, சாய்ந்தமருதின் அனார் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் ஹைக்கூவுக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் நினைப்பது இவர்களுக்கும் முந்தியது. வயல்வெளியிலும் முற்றத்திலும் எங்கள் பெண்களும் வேளாண்மைக்காரரும் பாடிய ‘கவி’கள்தான் அது. நான்கு வரி. பெரும்பாலும் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஒன்று, பிறகு நெஞ்சில் கிடந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்தப் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார். அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களின் தலைப்பையே பாருங்கள்: ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’. தூறலின் சத்தத்தை இத்தனை கிட்டப் போய்க் கேட்ட ஒரு சமூகத்துக்கு, பார்த்ததைச் சுருக்கிச் சொல்ல யப்பானிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. எழுத்துப் படிக்காத என் மூத்தம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. முப்பது வருடம் தமிழ் படிப்பித்த எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

எப்படி மறந்தது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் தலைமுறை எதையும் கவனிக்காமல் வாழ்ந்ததென்று யாரும் சொல்ல முடியாது. இரவில் வாசலில் நிற்கும் வாகனத்தின் இஞ்சின் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்று சொன்னோம். தெருநாய் குரைப்பது பழகிய ஆளையா புதிய ஆளையா என்று பிரித்தறிந்தோம். வீதியோரம் புதிதாகக் கிளறிய மண், பஸ்ஸில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பை, வழக்கமாக வரும் மீன்காரர் வராத காலை என எல்லாம் எங்களுக்குச் செய்தி. அந்தக் கவனம்தான் பலரை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் ஆபத்தில்லாத எதுவும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. வேம்பு பூத்ததும் உதிர்ந்ததும் தெரியாது. 2009இல் போர் முடிந்தது என்று அறிவித்தார்கள். கண்ணுக்கு யாரும் விடுதலைக் கடிதம் கொடுக்கவில்லை. இன்றும் வேலிக்கு வெளியே வாகனம் நின்றால் என் கை தன்பாட்டில் விளக்கை அணைக்கிறது.

ஹைக்கூ அதே கூர்மையான கண்ணைக் கேட்கிறது. வேலையை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது. வன்னியிலும் வடக்கிலும் இதே கண்ணோடு வாழ்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

செய்முறை எளிது. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், அல்லது இருங்கள். கொப்பியில் வாக்கியம் வேண்டாம்; கண்டது, கேட்டது, மணத்தது, தோலில் பட்டது, அவ்வளவையும் சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேனையைவிட பென்சில் நல்லது, கடற்காற்றில் நனைந்த தாளில் பேனை எழுதாது. வீட்டுக்கு வந்து அதில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்து மூன்று வரியாக வையுங்கள். ‘அழகிய’, ‘சோகமான’ போன்ற சொற்கள் தாமாகவே வந்து நிற்கும், அவற்றை வெட்டுங்கள். ‘போல’ வந்தால் அதையும் வெட்டுங்கள். அலை வெள்ளிபோல இருந்தது என்றால் நீங்கள் பார்த்தது வெள்ளியை, அலையை அல்ல. மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்லலாம். செந்தமிழ் தேட வேண்டாம். பேணி, கிடுகு, வளவு, தேத்தண்ணி எல்லாம் கவிதைக்கு உரிய சொற்கள்தான்.

பருவச்சொல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. யப்பானியரிடம் பருவச்சொற்களுக்கென்றே தடித்த அகராதிகள் உண்டு. தொல்காப்பியம் நமக்கு ஆறு பெரும்பொழுதுகளைத் தந்திருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். எங்கள் கரையின் நாட்காட்டி அப்படி ஆறாகப் பிரிவதில்லை. ஐப்பசியில் முதல் மழை, மண் மணம், விளக்கைச் சுற்றி ஈசல், பெரும்போக விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் வாடை. கடல் குமுறும், தோணிகள் கரையில் ஏறிக் கிடக்கும், மீன் விலை ஏறும், வட்டைகளில் வெள்ளம் நிற்கும். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டு. தார் வீதியில் நெல் காயும், அதற்காக மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கிப் போகும். பிறகு கடல் அடங்கிக் கரைவலைக் காலம். வைகாசி தாண்டினால் கச்சான். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தச் சூட்டுக் காற்றில் வாயெல்லாம் மண்.

கச்சான் காற்று
பூட்டிய கடை வாசலில்
உருளும் தகரப் பேணி

கச்சான் என்ற ஒரு சொல் போதும், எந்த மாதம், என்ன வெயில், ஏன் தெருவில் ஆளில்லை என்று எங்கள் ஊரில் எவருக்கும் புரியும். நோன்பு ஒரு பருவச்சொல்லா என்று எங்கள் வட்டத்தில் ஒருமுறை வாதம் வந்தது. பிறைக் கணக்கில் அது ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்வதால், ஒரே பருவத்தில் நிற்காது. ஆனால் அதுவே ஒரு வசதி. மழையில் வந்த நோன்பு வேறு, கச்சானில் வந்த நோன்பு வேறு. 2014இல் அது ஜூன் கடைசியில் தொடங்கியது. அந்த வருடம் எழுதியது (ஹவுள் என்பது பள்ளியில் வுழு எடுக்கும் தண்ணீர்த் தொட்டி):

கச்சானில் நோன்பு
பள்ளிவாசல் ஹவுளில்
தண்ணீர் குடிக்கும் காகம்

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். முல்லைத்தீவின் பட்டியலை நான் எழுத முடியாது. சோளகமும் பனம்பழமும் உங்களுடையவை. முதலில் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். வயதான ஒருவரிடம் கேட்டால் கொப்பி ஒரே நாளில் நிறைந்துவிடும்.

இனி, தமிழ் ஹைக்கூவின் பெரிய வியாதி. மூன்றாவது வரியில் ஓங்கி அறைவது. முதல் இரண்டு வரி ஏதோ சொல்லும், மூன்றாவது வரி சாட்டை எடுக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன். தொண்ணூறுகளில் ஒரு பத்திரிகையின் வாரமலரில் வந்த என்னுடைய ‘ஹைக்கூ’ இது:

புறா பறக்கவில்லை
சமாதானம் எங்கே என்றேன்
துப்பாக்கி சிரித்தது

நண்பர்கள் கைகுலுக்கினார்கள். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த வாரம் நான் எந்தப் புறாவையும் காணவில்லை. துப்பாக்கி சிரிக்கவும் இல்லை. உண்மையில் கண்டது வேறு. பாடசாலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் மகனின் சாப்பாட்டுப் பார்சலை ஒரு சிப்பாய் பிரித்தான். என்னைவிட இருபது வயது குறைந்த பொடியன். பார்த்துவிட்டு, வாழையிலையை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து, நூலைச் சுற்றி, முடிச்சும் போட்டுக் கொடுத்தான். வீட்டில் தாய்க்கு உதவி செய்த கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவனை வெறுக்க எனக்குக் காரணங்கள் இருந்தன, அந்த முடிச்சு குறுக்கே நின்றது. ஆகவே அதை விட்டுவிட்டுப் புறாவைக் கொண்டுவந்தேன். இருபது வருடம் கழித்துத்தான் இதை எழுத முடிந்தது:

சோதனைச் சாவடி
பிள்ளையின் சோற்றுப் பார்சலை
திரும்பக் கட்டும் விரல்கள்

இதில் மன்னிப்பு ஏதும் இல்லை. சாவடி சாவடியாகவே நிற்கிறது. ஆனால் அங்கே நடந்தது முழுவதும் இருக்கிறது. அறைகின்ற மூன்றாவது வரி பல நேரங்களில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு வழி.

துயரத்தில் கிடப்பவனுக்கு நண்டும் காகமும் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹைக்கூவின் பெரியவர்கள் சுகமாக வாழ்ந்தவர்கள் இல்லை என்பதை அவருக்குச் சொன்னேன். இஸ்ஸா (1763–1828) சிறுவயதில் தாயை இழந்தவர். முதல் மனைவியையும் அவரிடம் பிறந்த பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராகப் புதைத்தவர். கடைசியில் வீடும் தீயில் போக, மிஞ்சிய களஞ்சியக் கொட்டிலில் இருந்து இறந்தார். அவர் எழுதியது ஈயையும் குருவியையும் நத்தையையும் பற்றித்தான். ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைநிறுத்திய ஷிகி (1867–1902), 1895இல் சீனப் போர்முனைக்குச் செய்தியாளராகப் போய், திரும்பும் கப்பலில் இரத்தம் கக்கினார். முள்ளந்தண்டில் காசநோய். கடைசி வருடங்களில் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல், அறைக்கு வெளியே தெரிந்த சின்னத் தோட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பந்தலில் நுரைப்பீர்க்கு காய்த்திருந்தது. அதன் சாறு அந்நாளில் சளிக்கு மருந்து. அவருடைய கடைசிக் கவிதைகள் அந்தப் பீர்க்கைப் பற்றியவை. கண்டதைக் கண்டபடி வரைவது என்ற கொள்கையை அவர் ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். சாகும் நாள்வரை அதை விடவில்லை.

பாஷோ 1689இல் வடக்கே நடந்துபோனபோது, ஹிராயிசுமி என்ற பழைய போர்க்களத்தில் நின்றார். மாவீரன் ஒருவனும் அவன் ஆட்களும் அங்கே அழிந்து அப்போது சரியாக ஐந்நூறு வருடம். கோட்டை இல்லை, புல்தான் இருந்தது. தொப்பியைக் கீழே வைத்து உட்கார்ந்து நெடுநேரம் அழுததாக அவரே எழுதியிருக்கிறார். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் அழலாம் என்றால், பதினைந்து இருபது வருடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடச் சொல்பவர்களை என்ன சொல்வது?

முட்கம்பிக்குள்ளும் இந்தக் கவிதை எழுதப்பட்டிருக்கிறது. 1942 முதல் அமெரிக்கா தன் நாட்டில் வாழ்ந்த ஏறக்குறைய 1,20,000 யப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அங்கே கவிதை வட்டங்கள் இயங்கின. காற்றில் வரும் புழுதியையும், காவற்கோபுரத்தையும், வேலிக்கு வெளியே தெரிந்த மலையையும் எழுதினார்கள். அந்த முகாம்களில் ஒன்றில் இருந்த வயலட் கசுயே டி கிரிஸ்டோஃபொரோ அவற்றைத் தேடிச் சேர்த்து 1997இல் நூலாக்கினார். மெனிக் பாமில் 2009இல் தண்ணீர் வரிசையில் நின்ற யாராவது ஒரு கொப்பி வைத்திருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. இருக்கலாம். எங்காவது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கலாம்.

எங்கள் வட்டம் ஏழெட்டுப் பேர் கொண்டது. பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது. 2013 முதல் சனிக்கிழமைகளில் ஒரு வாசிகசாலைத் திண்ணையில் கூடுகிறோம். முஸ்லிம்களும் தமிழரும் இருக்கிறோம். இங்கே இது சின்ன விடயம் அல்ல. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் இன்னொரு பயம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். திண்ணையில் அதைப் பற்றி விவாதிப்பதில்லை என்று தீர்மானம் ஒன்றும் போடவில்லை. அவரவர் ஒழுங்கையில் கண்டதை வாசிக்கிறோம். வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

வருபவர்களில் ஒரு தாய் இருக்கிறார். மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். அவரை எழுதச் சொல்லி நான் கேட்டதில்லை, மகனைப் பற்றியும் கேட்டதில்லை. முதல் சில வாரங்கள் கிணற்றடி, வாழைக்குருத்து, கோழி என்று எழுதி வந்தார். ஒரு நாள் வாசித்தது:

கோழிக் கூட்டுக்கு மேல்
துருப்பிடித்த சைக்கிள் வளையம்
மழைநீர் சொட்டுகிறது

நன்றாக இருக்கிறது என்றோம். பாயைச் சுருட்டும்போதுதான், அந்தச் சைக்கிள் யாருடையது என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு எச்சரிக்கை. இது மருந்து அல்ல. எங்கள் வட்டத்துக்கு வந்த ஒருவர் கடற்கரையில் நின்று கவனிக்க முயன்று, மூச்சு முட்டி, இரண்டு இரவு தூங்காமல் இருந்தார். கடலை விடுங்கள், குசினிச் சுவரில் போகும் எறும்பைப் பாருங்கள் என்றேன். கிட்ட இருப்பதிலிருந்து, சின்னதிலிருந்து தொடங்குவது நல்லது. தொடங்காமலே இருப்பதும் குற்றமில்லை. தூக்கம் தொடர்ந்து கெட்டால், பழைய காட்சிகள் விடாமல் வந்தால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியில் இருக்கும்போது, அவர்கள் கேட்கும் பதிலுக்குப் பதிலாகக் கவிதையைக் கொடுக்க யாராவது வந்தால், அந்த ஆளை நம்ப வேண்டாம்.

2019 ஏப்ரலில் எல்லாம் நின்றது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் வெடித்த வீடு. திண்ணை மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. நான் போய்க் கதவைத் திறந்து, பத்திரிகை படித்து, மூடிவிட்டு வருவேன். ஒழுங்கைக்கு அப்பால் இருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதலில் வந்தது அந்தத் தாய். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “சேர், கொப்பி முடிஞ்சி போச்சி. வேற ஒண்டு இருக்கா?”

கொரோனா, பிறகு 2022இன் நீண்ட மின்வெட்டு எல்லாவற்றையும் தாண்டி வட்டம் நடக்கிறது. மருதமுனையிலிருந்து வரும் நெசவுக் குடும்பத்துப் பொடியன் மின்வெட்டுக் காலத்தில் எழுதியது எனக்கு மனப்பாடம்:

இருட்டுத் தெரு
பக்கத்து வீட்டில் மட்டும்
தறிச் சத்தம்

இன்று காலையும் போனேன். வாடை தொடங்கிவிட்டது. தோணிகளைக் கரைக்கு ஏற்றி, தென்னோலையால் மூடிக் கட்டியிருந்தார்கள். ராத்தாவின் கிணறு இருந்த இடத்தில் இப்போது யாரோ வலை காயப்போடுகிறார்கள். கொப்பியில் இரண்டு வரி எழுதினேன்:

வாடைக் காற்று
கவிழ்த்த தோணிக்குக் கீழே

கீழே என்ன என்று குனிந்து பார்க்கப் போனபோது மழை வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்தேன். நாளைக்கு மழை விட்டால் போய்ப் பார்க்க வேண்டும்.